பல்லுக்குப் பேர் வைக்கும் ஆசை

பெரம்பலூரில் பல் கிளினிக் வைத்திருப்பவனுக்கு ஒரு கூடுதல் வேலை உண்டு. ஊர்க்காரர்கள் கல்லைக் கொண்டுவந்து காட்டுவார்கள். மழையில் பருத்திக் கொல்லையின் ஓரம் கரைந்தாலோ ஓடை மண்ணை அரித்தாலோ மறுநாள் காலை ரிசப்ஷன் மேசையில் ஒரு பொட்டலம் இருக்கும். பெரும்பாலும் நத்தைக்கல், அதாவது அம்மோனைட். மீதி ஜிப்சம் பட்டை, சிப்பி, ஒன்றுமில்லாத உருண்டைக்கல். எப்போதாவது ஒரு பல். “பல்லுன்னா உங்களுக்குத்தானே தெரியும்” என்று சொல்லிவிட்டால் மறுக்க வழியில்லை.

2020இல் குன்னம் பக்கம் குளம் தூர்வாரியபோது உருண்டை உருண்டையாகக் கற்கள் கிளம்பின. டைனோசர் முட்டை என்று வாட்ஸ்அப்பில் செய்தி பறந்தது. அம்மோனைட்டைச் சுற்றி வண்டல் இறுகி உருண்ட கற்கள்தான் அவை என்று நிபுணர்கள் வந்து சொன்னார்கள். சொன்னபோது ஊரில் பலருக்கு முகம் வாடிப்போயிற்று. 10 கோடி வருஷத்துக் கடல் உயிரின் எச்சம் காலடியில் கிடக்கிறது. அதைப் பார்த்து முகம் வாடுகிறது என்றால் அது கல்லின் குறையில்லை. இப்படி எழுதுகிற எனக்கும் அதே வியாதி இருந்தது. முழுக்கப் போய்விட்டது என்று இப்போதும் சொல்ல மாட்டேன்.

காரை பக்கத்து விவசாயி ஒருவர் தீப்பெட்டிக்குள் பஞ்சு வைத்து ஒரு பல் கொண்டுவந்தார். கட்டைவிரல் நகத்தளவு. தேன் நிறத்தில் பளபளவென்று எனாமல், அதற்குக் கீழே சாம்பல் நிறத்தில் தடித்த வேர். நுனி ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. விளிம்பில் நகத்தை ஓட்டினால் நறநறவென்று இடறியது, ரம்பப்பல்.

“டைனோசருதானே டாக்டரு? ரம்பம் இருக்கு பாருங்க. நெட்டுல போட்டிருக்கான்.”

ரம்பம் இருந்தால் டைனோசர் என்று அவர் முடிவுகட்டியதில் தப்பே இல்லை. இறைச்சி தின்ற டைனோசர்களின் பல் பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும்: பக்கவாட்டில் தட்டையாக, பின்பக்கம் வளைந்து, விளிம்பில் ரம்பத்தோடு. ஆனால் அதே காலத்துக் கடலில் ஸ்குவாலிகோராக்ஸ் என்ற சுறாவுக்கும் பல் விளிம்பில் ரம்பம் உண்டு. இரண்டையும் பிரித்துச் சொல்ல ரம்பத்தைப் பார்த்துப் பயனில்லை. பல்லைத் திருப்பி அடியைப் பார்க்க வேண்டும். அந்த இடத்தில் என் தொழில் எனக்குக் கைகொடுத்தது.

ஆறு வயசுப் பிள்ளையின் ஆடுகிற பால்பல்லை எடுத்துத் தாயின் கையில் கொடுத்தால், அதைத் திருப்பிப் பார்த்துவிட்டு, “வேரு உள்ளேயே தங்கிடுச்சா டாக்டர்?” என்று பயந்து கேட்பார்கள். தங்கவில்லை. கீழிருந்து புதுப்பல் முட்டிக்கொண்டு வரும்போது பழைய பல்லின் வேரை உடம்பே கரைத்துவிடும். விழும்போது மேல்பகுதி மட்டும் விழும், அடியில் குழியாக இருக்கும். டைனோசருக்கும் இதே கதைதான். ஒரு வித்தியாசம், நமக்கு ஒருமுறை நடப்பது அதற்கு ஆயுள் முழுக்க நடந்தது. ஆகவே உதிர்ந்த டைனோசர் பல்லுக்கு வேர் இருக்காது. சுறாவின் பல்லோ தாடை எலும்பின் குழிக்குள் ஊன்றியதில்லை. ஈறுச் சதையில் பிடித்துக்கொண்டிருப்பது, விழும்போது வேரோடு கழன்று விழும். தீப்பெட்டியில் இருந்ததற்கு இரண்டு மடலாகப் பிரிந்த வேர், கொஞ்சம்கூடக் கரையாமல் முழுதாக இருந்தது. சுறாதான், சந்தேகமே இல்லை.

சொன்னேன். அவர் தீப்பெட்டியை மூடிப் பையில் போட்டுக்கொண்டு, “அப்ப இது ஒண்ணும் பெருசில்லையா” என்றார். பெரிசுதான் என்று விளக்க ஆரம்பித்தேன். என் குரலிலேயே சுருதி குறைந்திருந்தது. சுறா என்று தெரிந்த அரை நிமிஷத்துக்குள் எனக்கும் அதன்மேல் இருந்த ஆர்வம் வடிந்துபோயிருந்தது. இதைத்தான் இந்தக் கட்டுரையில் ஒப்புக்கொள்ள வேண்டும். அறிவியல் ஆர்வம் என்று நான் சொல்லிக்கொண்டிருந்ததில் பாதிக்குமேல், டைனோசர் ஒன்றைச் சொந்தமாக வைத்திருக்க வேண்டும் என்ற ஆசை.

நியாயமாகப் பார்த்தால் இந்த மண்ணில் சுறாப்பல்தான் கிடைக்க வேண்டும். பெரம்பலூரும் அரியலூரும் டைனோசர்கள் வாழ்ந்த கிரெட்டேசியஸ் காலத்தில் பெரும்பாலும் கடல். 1846இலேயே எட்வர்டு ஃபோர்ப்ஸ் தென்னிந்தியக் கடல் சிப்பிகளையும் நத்தைகளையும் பற்றி லண்டனில் எழுதிவிட்டார். இங்கே வந்து ஆய்வு செய்த பிளான்ஃபோர்டு, 1862இல் வெளியான அறிக்கையில் பாறைகளை ஊட்டத்தூர், திருச்சி, அரியலூர் என்று மூன்று தொகுதியாகப் பிரித்தார்; கிட்டத்தட்ட அதே பெயர்கள்தான் இன்றும் வழக்கில் இருக்கின்றன. காரையின் செம்மண்ணும் மஞ்சள் களிமண்ணும் கலந்த மேடுகள், புல்கூட முளைக்காமல் மழைநீர் வரிவரியாகக் கிழித்த அந்த வெட்டவெளி, ஒரு காலத்துக் கடலடி. பெலம்னைட் என்ற கணவாய் வகை உயிரின் குச்சி போன்ற எச்சங்கள் அங்கே காலில் மிதிபடும். சுறாவும், சிப்பியை நசுக்கித் தின்ற டைகோடஸ் என்ற சுறா வகையும், இக்தியோசர் என்ற கடல் ஊர்வனவும் அங்கே கிடைத்திருக்கின்றன. ஒரு சுறா தன் ஆயுளில் ஆயிரக்கணக்கில் பல் உதிர்க்கும். கடலடியில் போய் நின்றுகொண்டு தரைவிலங்கைத் தேடினால் என்ன கிடைக்கும்?

தரைவிலங்கு வேண்டுமென்றால் கல்லமேட்டுக்குப் போக வேண்டும். இதை எனக்குச் சொன்னவர் திருச்சிக் கல்லூரி ஒன்றில் ஜியாலஜி நடத்தி ஓய்வுபெற்ற பேராசிரியர். கடைவாய்ப்பல் சிகிச்சைக்கு என்னிடம் வந்தார். வாய் மரத்திருந்தபோதும் பேச்சை நிறுத்தவில்லை.

கல்லமேடு அரியலூர் மாவட்டத்துச் சின்ன ஊர். கிரெட்டேசியஸ் முடியப்போகிற நேரம், சுமார் 7 கோடி வருஷத்துக்குக் கொஞ்சம் இந்தப்பக்கம், கடல் பின்வாங்கி அங்கே ஆறு ஓடியிருக்கிறது. அந்த ஆற்று வண்டலில் மீன், ஆமை, முதலை, டைனோசர். சார்லஸ் மேட்லி 1929இல் திருச்சி மாவட்ட டைனோசர்களைப் பற்றி எழுதியபோது இந்தப் பகுதி எலும்புகளைப் பற்றித்தான் எழுதினார். அங்கே கிடைத்த ஆமை ஒன்றுக்கு ஊரின் பெயரையே சேர்த்து குர்மடெமிஸ் கல்லமேடென்சிஸ் என்று 2001இல் பெயர் வைத்தார்கள். நம் ஊர்ப் பெயர் உலகப் பட்டியலில் இருக்கிறது என்பது கல்லமேட்டில் டீக்கடைக்காரருக்குத் தெரியாது. நான்தான் சொன்னேன். “ஆமைக்கா?” என்று சிரித்தார்.

நிலத்துக்காரரிடம் கேட்டுக்கொண்டு, பேராசிரியரோடும் அவருடைய பழைய மாணவர்களோடும் ஓடைக்கரையில் மண் எடுத்தோம். எலும்பு வேட்டை என்றால் சினிமாவில் பிரஷ்ஷால் தட்டித் தட்டி முழு எலும்புக்கூட்டைத் திறப்பார்கள். சின்னப் பல் தேடுகிறவனுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. சாக்கு சாக்காகக் களிமண் அள்ள வேண்டும். வெயிலில் நன்றாகக் காயப்போட்டு மண்ணெண்ணெயில் ஊறவைத்து, அதை வடித்துவிட்டுத் தண்ணீர் ஊற்றினால், கட்டியாக இருந்த களி தானாகப் பொலபொலவென்று உடையும். பிறகு சல்லடையில் அலசல். ஒரு சாக்கு மண் கடைசியில் ஒரு கைப்பிடி பொடியாக வந்து நிற்கும். அந்தப் பொடியை வெள்ளைத் தட்டில் பரப்பி, ஓவியப் பிரஷ்ஷின் நுனியை நனைத்து, ஒவ்வொரு துணுக்காக ஒற்றி எடுக்க வேண்டும். இந்த வேலையை நான் கிளினிக்கில் இரவு நேரத்தில், ரூட் கெனாலுக்குப் போட்டுக்கொள்கிற லூப்ஸ் என்ற பூதக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு செய்தேன். மீன் செதில், மீன் பல், ஆமை ஓட்டுச் சில்லு, மறுபடி மீன் செதில். வீட்டில் மண்ணெண்ணெய் வாடைக்குத் திட்டு விழுந்தது.

அப்படித்தான் அந்தப் பல் வந்தது. உயரம் 9 மி.மீ., கறுப்புக்கு ஒரு நிழல் குறைந்த பழுப்பு. நுனி கொஞ்சம் தேய்ந்து சரிவாக இருந்தது. உடைந்த தேய்மானம் இல்லை, கடித்துக் கடித்துத் தேய்ந்த வழவழப்பு. இரவில் பல்லை நறநறவென்று கடிக்கிறவர்களின் பல்லில் தினமும் பார்க்கிற வழவழப்பு என்பதால் கண்ணுக்கு உடனே பட்டது. அடியில் வேர் இல்லை, குழிதான். குறுக்குவெட்டில் தட்டையான நீள்வட்டம். முதலைப் பல் என்றால் பெரும்பாலும் வட்டத்துக்கு நெருக்கமாக, கூம்பாக இருக்கும். முன்விளிம்பு வில்போல வளைந்தது, பின்விளிம்பு கிட்டத்தட்ட நேர்க்கோடு. இரண்டிலும் ரம்பம்.

என் நெஞ்சு அடித்துக்கொண்டது. முன்விளிம்பு வளைந்து பின்விளிம்பு நேராக இருப்பது ஏபெலிசாரிடு என்ற இறைச்சி தின்னி டைனோசர் குடும்பத்தின் அடையாளங்களில் ஒன்று என்று படித்திருந்தேன். குஜராத்தின் ரஹியோலியில் கிடைத்து 2003இல் பெயர் சூட்டப்பட்ட ராஜாசாரஸ் அந்தக் குடும்பம். மடகாஸ்கரின் மஜுங்காசாரஸும் அந்தக் குடும்பம்தான். இந்தியாவும் மடகாஸ்கரும் ஒட்டியிருந்து பிரிந்தவை. மஜுங்காசாரஸ் ஒவ்வொரு குழியிலும் ஏறக்குறைய 56 நாளுக்கு ஒருமுறை பல்லை மாற்றிக்கொண்டது என்று 2019இல் கண்டுபிடித்தார்கள். பல்லின் உட்பகுதியில் நாளுக்கு ஒரு வரியாகப் படியும் கோடுகளை எண்ணிப் பார்த்துச் சொன்ன கணக்கு. டைரனோசாரஸுக்கு அதே வேலைக்கு 2 வருஷத்துக்கு மேல் ஆகும். பல்லை இப்படி அள்ளி வீசியவனின் உறவுக்காரன் இந்த ஓடைக்கரையில் திரிந்திருந்தால் இது ஏன் ராஜாசாரஸாக இருக்கக் கூடாது? ஒரு சீட்டில் “ராஜாசாரஸ்?” என்று எழுதிவைத்தேன். கேள்விக்குறி போட்டது நாணயத்துக்காக என்று அப்போது நினைத்துக்கொண்டேன். உண்மையில் அந்தப் பெயரை எழுதிப்பார்க்க ஒரு சாக்கு.

பேராசிரியர் வந்தார். பெயரைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. “அளந்தீங்களா?” என்றார். உயரம், அடியின் நீளம், அடியின் அகலம், முன்விளிம்பில் 5 மி.மீ.க்கு எத்தனை ரம்பம், பின்விளிம்பில் எத்தனை. வெர்னியரை எடுத்து அளந்து கொடுத்தேன். எழுதிக்கொண்டே கேட்டார்:

“இது மேல் தாடையா, கீழ் தாடையா?”

“தெரியல சார்.”

“முன்பல்லா, பக்கப்பல்லா?”

“பக்கம்னு நினைக்கிறேன்.”

“குட்டியா, வளர்ந்ததா?”

பதில் இல்லை. “உங்க பேஷண்டு ஒருத்தரோட வெட்டுப்பல்லையும் கடைவாய்ப்பல்லையும் தனித்தனியா ஒருத்தன்கிட்ட கொடுத்தா ரெண்டு மிருகம்னுதானே டாக்டர் சொல்லுவான்? ராஜாசாரஸ் கெடைச்ச ஊரு இங்கேருந்து ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல. நடுவுல இருக்கிற தூரத்துக்கு உங்ககிட்ட என்ன ஆதாரம்?”

சிரித்துக்கொண்டுதான் கேட்டார். எனக்குத்தான் காது சுட்டது. தினமும் பல் பார்க்கிறவன் நான். ஒரே வாயில் நான்கு வகைப் பல் இருப்பதை அவர் எனக்கு நினைவுபடுத்த வேண்டியிருந்தது.

அவர் எழுதிய சீட்டு இப்படி இருந்தது: தெரோபோடா (இறைச்சி தின்னி டைனோசர்கள் அடங்கிய பிரிவு), இனம் தெரியவில்லை, ஏபெலிசாரிடாக இருக்கலாம். அதற்குக் கீழே இரண்டு மடங்கு நீளத்துக்கு வேறொன்று எழுதினார்: எந்த ஓடை, எந்தக் கரை, மேலிருந்து எத்தனை அடி, எந்த நிற மண் அடுக்கு, எந்தச் சாக்கு, தேதி. பெயருக்கு ஒரு வரி, இடத்துக்கு ஆறு வரி. விகிதம் சரிதான் என்று இன்று சொல்வேன். அன்று அந்தச் சீட்டு பிடிக்கவில்லை. “இனம் தெரியவில்லை” என்பதை யாரிடம் காட்டிப் பெருமைப்படுவது?

பெரிய பெயர் வைக்கும் ஆசை எனக்கு மட்டும் வந்ததில்லை என்பது ஒரு சின்ன ஆறுதல். 1879இல் ரிச்சர்ட் லைடெக்கர் திருச்சிப் பகுதியின் பல் ஒன்றை மெகலோசாரஸ் என்று எழுதினார். இங்கிலாந்தில் 1824இல் பிறந்த அந்தப் பெயர், அந்தக் காலத்தில் எங்கே இறைச்சி தின்னும் டைனோசர் பல் கிடைத்தாலும் அதன் தலையில் கட்டப்பட்டது. 1979இல் நம் பகுதியில் கிடைத்த படிவங்களுக்கு யதகிரியும் அய்யாசாமியும் திராவிடோசாரஸ் என்று பெயர் வைத்தார்கள். முதுகில் தகடு வைத்த ஸ்டெகோசார் வகை என்றார்கள். 1996இல் சங்கர் சாட்டர்ஜி, அது தரைவிலங்கே இல்லை, பிளீசியோசார் என்ற கடல்விலங்கின் எலும்புகள் என்று எழுதினார். பெயரைக் கேட்டுப் பெருமைப்பட்ட நமக்கெல்லாம் அது கொஞ்சம் கசப்பான சேதி. கல்லமேட்டிலேயே கிடைத்த ஒரு சின்னஞ்சிறு பல்லை வைத்து, இந்தியாவிலும் ட்ரூடோன்டிட் டைனோசர் இருந்தது என்று 2013இல் அஞ்சலி கோஸ்வாமி குழுவினர் அறிவித்தார்கள். அதுவரை வடபகுதிக் கண்டங்களில் மட்டுமே தெரிந்திருந்த குடும்பம். முறையாகச் சலித்து, அளந்து, மற்ற குடும்பங்களோடு ஒப்பிட்டுச் செய்த வேலை. அப்படியும் ஒரே பல் ஒரே பல்தான் என்பது என் கட்சி. இன்னும் நாலு கிடைத்தால் நிம்மதியாக நம்புவேன். அதே ஊரில் அதே காலத்தில், மடகாஸ்கரின் சிமோசூகஸ் போன்ற முதலையின் பல்லும் கிடைத்திருக்கிறது. சிமோசூகஸின் பல் இலை வடிவத்தில், விளிம்பில் பல முனைகளோடு இருக்கும். முதலை என்று யார் சொல்வார்கள்?

காசு கொடுத்து வாங்கிய பல்லின் கதையையும் சொல்லிவிடுகிறேன். துபாயில் இருக்கும் என் மச்சான், என் பைத்தியம் தெரிந்து, ஒரு ஸ்பைனோசாரஸ் பல் வாங்கி வந்தான். மொராக்கோவின் கெம்கெம் பாறைகளில் கிடைப்பது. விரல் நீளம், வேரோடு, சான்றிதழோடு. கூம்பு வடிவம், நீளவாக்கில் மெல்லிய வரிகள், ரம்பம் இல்லை. ஆற்றிலேயே கிடந்து மீன் தின்ற விலங்கு என்பதால் ஏராளமாகப் பல் உதிர்த்திருக்கிறது. ஆகவே வேரில்லாத பல் மலிவு. வேரோடு இருந்தால், விலங்கு செத்தபோது தாடையில் இருந்த பல் என்று பொருள், விலை ஏறும். அங்கேதான் எனக்கு இடித்தது. எனாமல் முடிகிற கோடு என் தொழிலில் தினமும் பார்க்கிற கோடு. இந்தப் பல்லில் அந்தக் கோட்டையே காணோம், அந்த இடத்தில் மணல் பூசியிருந்தது. கள்ளநோட்டு பார்க்கிற நீலக்கதிர் டார்ச்சை அடித்தேன். நடுவில் ஒரு பட்டை மட்டும் வெளிறிய நீலத்தில் ஒளிர்ந்தது. அசிட்டோனில் நனைத்த பஞ்சை வைத்துத் தேய்த்தால் பசையும் மணலும் குழைந்து வந்தன. ஒரு பல்லின் மேல்பாதி, வேறெதன் வேரோ கீழ்பாதி. நம் தொழிலில் இதற்கு உரிமம் வாங்கிக்கொண்டு கிரவுன் போடுகிறோம், அவர்கள் உரிமம் இல்லாமல் போடுகிறார்கள். மச்சானிடம் இதுவரை சொல்லவில்லை. வேரைக் கழற்றிவிட்டு மேல்பாதியை மட்டும் ஷோகேஸில் வைத்திருக்கிறேன், அது அசல்தான்.

ஆனால் எந்த ஓடை, எந்த அடுக்கு என்று அதற்குச் சீட்டு இல்லை. அழகான பொருள், அவ்வளவுதான். பேராசிரியரின் ஆறு வரி எதற்கு என்று அதைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது.

கல்லமேட்டுப் பல்லைக் கல்லூரிச் சேகரத்தில் சேர்க்கச் சொல்லி அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். நான் சாக்கு சொல்லிக்கொண்டே இருந்தேன். இன்னொரு தடவை போட்டோ எடுக்க வேண்டும், அளவைச் சரிபார்க்க வேண்டும், இந்த வாரம் கிளினிக்கில் கூட்டம். தனியார் வீட்டு டிராயரில் இருக்கும் பல்லை வைத்து யாரும் ஆய்வு எழுத முடியாது, பிறர் வந்து சரிபார்க்க வழியிருக்க வேண்டும் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தே வைத்திருந்தேன். இரவு கிளினிக்கைப் பூட்டுமுன் டிராயரைத் திறந்து ஒருமுறை பார்த்துவிட்டுப் போவதில் ஒரு சுகம் இருந்தது.

அதை விட வைத்தது கல்லமேட்டின் இன்னொரு கதை. 1987இல் அங்கிருந்து அறிவிக்கப்பட்ட புருஹத்காயோசாரஸின் கால் எலும்பு ஒன்றே 2 மீட்டர் நீளம். முதலில் இறைச்சி தின்னி என்று எழுதினார்கள், பிறகு உலகின் மிகப் பெரிய தாவர உண்ணிகளில் ஒன்று என்றார்கள். இன்று சரிபார்க்கலாம் என்றால் எலும்பு இல்லை. மழையிலும் ஈரத்திலும் ஊறிய எலும்புகள் நொறுங்கித் தூளாகிவிட்டன. எஞ்சியிருப்பது பழைய படங்களும் வரைபடங்களும்தான். அவ்வளவு பெரிய விலங்கே தங்கவில்லை. 9 மி.மீ. பல் என் டிராயரில் பேரப்பிள்ளைகள் கையில் சிக்கி எத்தனை நாள் தாங்கும்? கொண்டுபோய்க் கொடுத்துவிட்டேன். சீட்டில் “இனம் தெரியவில்லை” அப்படியே இருக்கிறது.

தீப்பெட்டி விவசாயி பிறகும் வந்தார், பல்வலியோடு. அந்தச் சுறாப்பல் எங்கே என்றேன். பேத்தி பள்ளிக்கூடக் கண்காட்சியில் வைத்துப் பரிசு வாங்கிவிட்டாளாம். சுறா என்றே எழுதி வைத்தாளா என்று கேட்டேன். ஆமாம் என்றார்.

பெரம்பலூர், அரியலூர் பக்கம் உங்கள் கொல்லையிலோ ஓடையிலோ பல் மாதிரி ஏதாவது கண்ணில் பட்டால், எடுக்குமுன் அது கிடக்கும் இடத்தோடு ஒரு படம் பிடியுங்கள். பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயத்தை வையுங்கள். தோண்டாதீர்கள். தேய்த்துக் கழுவாதீர்கள், உடைந்திருந்தால் ஃபெவிகுவிக் போட்டு ஒட்டாதீர்கள். எந்த ஊர், எந்தக் கொல்லை, எந்த மண் என்று அன்றைக்கே ஒரு காகிதத்தில் எழுதிப் பல்லோடு சேர்த்து வைத்து, வாரணவாசி அருங்காட்சியகத்திலோ பக்கத்துக் கல்லூரி ஜியாலஜி துறையிலோ காட்டுங்கள். பெயரை அவர்கள் வைத்துக்கொள்ளட்டும்.